கலிஃபோர்னியாவில் பள்ளி வாரியத் தேர்தலில் போட்டியிடுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

கலிஃபோர்னியாவின் நவம்பர் மாத வாக்குச்சீட்டில் ஆளுநர், நாடாளுமன்ற உறுப்பினர், மாநிலச் சட்டமன்றம், நீதிபதிகள் என்று ஒவ்வொன்றாகக் கடந்து வருபவர்களில் பலர், பள்ளி வாரியத்துக்கான பெயர்கள் வரும் இடத்தில் எதையும் குறிக்காமலேயே அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். பெயர்களில் ஒன்றும் அறிமுகமில்லை என்பதுதான் காரணம். நம் பிள்ளைகள் நாள்தோறும் ஆறேழு மணி நேரம் இருக்கும் இடத்தின் வரவு செலவை முடிவு செய்பவர்கள், இப்படி ஒரு சில நூறு வாக்கு வித்தியாசத்தில்கூடத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இரண்டு பள்ளி வாரியப் பிரச்சாரங்களுக்கு நான் பொருளாளராக இருந்திருக்கிறேன். ஒன்றில் வென்றோம், மற்றொன்றில் தோற்றோம். அந்த இரண்டு அனுபவத்திலும் கற்றவற்றையும், சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சேர்த்து, அடுத்து நிற்க நினைக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். தேதிகள் தேவைப்படும் இடங்களில் 2026 நவம்பர் 3 தேர்தலை எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறேன்.

வாரியத்தின் அதிகாரம் எது, எது இல்லை

மாநிலத்தில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள், அதாவது ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள், உள்ளன. பெரும்பாலானவற்றுக்கு ஐந்து அல்லது ஏழு உறுப்பினர்கள் கொண்ட வாரியம் இருக்கிறது. பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். ஏறத்தாழப் பாதிப் பேர் ஒரு தேர்தலிலும், மீதிப் பேர் இரண்டு ஆண்டு கழித்து அடுத்த தேர்தலிலும் வாக்காளர்களைச் சந்திக்கிறார்கள். மாநில அரசியல் சாசனப்படி இது கட்சி சார்பற்ற பதவி என்பதால், வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயருக்கு அருகே கட்சிப் பெயர் அச்சிடப்படுவதில்லை.

மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளரை நியமிப்பது, ஆண்டு வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுவது, ஆசிரியர் சங்கத்தோடு எட்டப்பட்ட ஊதிய ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தருவது, பாடநூல்களைத் தெரிவு செய்வது, பள்ளி எல்லைகளை வரைவது, மாணவரை வெளியேற்றும் வழக்குகளில் இறுதி முடிவெடுப்பது ஆகியவை வாரியத்தின் பணிகள். இவை எல்லாமே வாரியம் கூடி, வாக்கெடுத்து, பெரும்பான்மையால் முடிவு செய்பவை. தனி உறுப்பினர் ஒருவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. ஒரு பள்ளி முதல்வரை அழைத்து ஆசிரியரை மாற்றச் சொல்லவோ, ஒரு பிள்ளையை வேறு வகுப்பில் சேர்க்கச் சொல்லவோ அவரால் முடியாது. தன் பிள்ளையின் பள்ளியில் நடந்த ஒரு குறையைச் சரிசெய்வதற்காக மட்டுமே நிற்க விரும்புபவரிடம் இதை நான் முதலிலேயே சொல்லிவிடுவேன்: ஐந்து பேரில் ஒருவராக அமர்ந்து, இன்னும் இரண்டு பேரை இணங்கவைக்கத் தெரிந்தவருக்கே அந்த நாற்காலியால் பயன் உண்டு.

யார் நிற்கலாம்

பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். குடியுரிமை பெற்றிருக்க வேண்டும். அந்தப் பள்ளி மாவட்டத்துக்குள் குடியிருக்க வேண்டும். அங்கே வாக்காளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். பிள்ளை அந்த மாவட்டத்தில் படிக்கவேண்டும் என்ற விதி கிடையாது. பிள்ளையே இல்லாதவரும் நிற்கலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவர் நிற்க முடியாது. மாவட்டத்தின் ஊழியர் ஒருவர் போட்டியிடத் தடை இல்லை, ஆனால் வென்றால் பதவியேற்பதற்கு முன் வேலையை விட்டு விலகியாக வேண்டும்.

கவனிக்க வேண்டிய மற்றொன்று தொகுதி. 2002-இல் வந்த கலிஃபோர்னியா வாக்குரிமைச் சட்டத்துக்குப் பிறகு, முழு மாவட்டமும் சேர்ந்து வாக்களிக்கும் முறையைப் பல மாவட்டங்கள் கைவிட்டு, சிறு சிறு தொகுதிகளாகப் பிரிந்துவிட்டன. அப்படிப்பட்ட இடத்தில் நீங்கள் குடியிருக்கும் தொகுதியில்தான் நிற்க முடியும், அந்தத் தொகுதிக்கு 2026-இல் தேர்தல் உண்டா அல்லது 2028-இல்தானா என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கவுண்டி (மாநிலத்துக்குள் உள்ள நிர்வாகப் பிரிவு) வாக்காளர் பதிவாளர் அலுவலகத்தை அழைத்து முகவரியைச் சொன்னால் இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். புதிய வீட்டுக்கு மாறும் எண்ணம் இருந்தால், தெருவின் எந்தப் பக்கம் எந்தத் தொகுதியில் வருகிறது என்பதுவரை பார்த்துக்கொள்ளுங்கள்.

வாக்காளர் தகுதியிலும் சில ஊர்களில் வேறுபாடு உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவில் 2016-இல் மக்கள் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளி வாரியத் தேர்தலில் மட்டும் வாக்களிக்கலாம். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-இல் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. விசாவில் இருப்பவர்கள் அந்த உரிமையைப் பயன்படுத்தும் முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைக் கலந்து பேசிவிடுவது நல்லது. ஓக்லாந்திலும் பெர்க்லியிலும் 16 வயது மாணவர்கள் 2024 முதல் பள்ளி வாரியத்துக்கு வாக்களிக்கிறார்கள்.

ஓராண்டுக்கு முன்பே தொடங்கவேண்டிய வேலை

வேட்புமனு தாக்கல் செய்யும் நாளில் பிரச்சாரம் தொடங்குவதாக நினைத்தால் அது மிகவும் தாமதம். குறைந்தது ஓராண்டுக்கு முன்பிருந்து வாரியக் கூட்டங்களுக்குப் போகத் தொடங்குங்கள். பிரவுன் சட்டம் என்று அழைக்கப்படும் 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒவ்வொரு வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலும் 72 மணி நேரத்துக்கு முன் வெளியிடப்பட வேண்டும், பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கப்பட வேண்டும். நிரலோடு இணைக்கப்படும் கோப்புகள் சில சமயம் நூற்றுக்கணக்கான பக்கங்கள் வரும். அவற்றைப் படிக்கப் பொறுமை இருக்கிறதா என்பதைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை, ஏனென்றால் வென்றபின் மாதம் இருமுறை செய்யப்போவது அதைத்தான்.

கூட்டங்களைப் பார்ப்பதோடு நில்லாமல், ஏதாவது ஒரு குழுவில் உறுப்பினராகச் சேருங்கள். பள்ளி அளவில் இயங்கும் தளக்குழு, ஆங்கிலம் கற்கும் மாணவர்களின் பெற்றோருக்கான ஆலோசனைக் குழு, மாவட்ட அளவிலான பெற்றோர் ஆலோசனைக் குழு, கட்டடங்களுக்காகக் கடன்பத்திரம் விற்றுத் திரட்டிய பணம் செலவாவதைக் கண்காணிக்கும் குடிமக்கள் குழு ஆகியவற்றுக்கு ஆள் கிடைப்பது எப்போதும் கடினமாகவே இருக்கிறது; விண்ணப்பித்தால் இடம் கிடைத்துவிடும். இந்தக் குழுக்களில்தான் மாவட்டத்தின் பணம் எப்படி ஓடுகிறது என்பது புரியும். அதைப் புரிந்துகொள்ளாமல் வாக்குக் கேட்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1978-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13-ஆம் முன்மொழிவு சொத்து வரியைக் கட்டுப்படுத்திய பிறகு, பள்ளிகளுக்கான பணத்தின் பெரும்பகுதி மாநிலத் தலைநகரமான சாக்ரமென்டோவில் முடிவாகிறது. 1988-இன் 98-ஆம் முன்மொழிவு மாநில வரவு செலவில் பள்ளிகளுக்கு ஒரு குறைந்தபட்சப் பங்கை உறுதி செய்தது. 2013-இல் வந்த உள்ளூர் நிதி வாய்பாடு, ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அடிப்படைத் தொகையைத் தருகிறது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்போர், வளர்ப்புப் பராமரிப்பில் உள்ளோர் ஆகியோருக்கு 20 சதவீதம் கூடுதலாகவும், அவர்கள் 55 சதவீதத்தைத் தாண்டும் மாவட்டங்களுக்கு அதற்கு மேலும் தருகிறது. அந்தக் கூடுதல் தொகையை எப்படிச் செலவிடப்போகிறோம் என்று சொல்லும் மூன்றாண்டுத் திட்ட ஆவணத்துக்கு எல்கேப் என்று பெயர். உங்கள் மாவட்டத்தின் எல்கேப் ஆவணத்தை முழுவதும் படித்திருக்கிறீர்கள் என்பது தெரிந்தாலே வாரிய அலுவலகத்தில் உங்களைப் பார்க்கும் பார்வை மாறும்.

இந்த வாய்பாட்டில் நம்மவர்கள் கட்டாயம் அறியவேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. மாநிலம் பணம் தருவது பதிவேட்டில் உள்ள பெயர்களுக்கு அல்ல. சராசரியாக நாள்தோறும் வகுப்பில் இருக்கும் மாணவர்களுக்கு. டிசம்பர் விடுமுறையோடு மேலும் இரண்டு வாரம் சேர்த்துச் சென்னைக்கும் மதுரைக்கும் போய்வரும் குடும்பங்கள் பல உள்ள பள்ளியில், அந்த இரண்டு வாரமும் மாவட்டத்துக்கு வருவாய் இழப்பாக முடியக்கூடும். பயணத்துக்கு முன்பே, பள்ளிக்கு வராமல் படிக்க வழிசெய்யும் தற்சார்புக் கல்வி ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டு, தரப்படும் பாடங்களை முடித்துக் கொடுத்தால் அந்த இழப்பைத் தவிர்க்கலாம். உள்ளூர்ச் சொத்து வரியே வாய்பாட்டுத் தொகையைத் தாண்டிவிடும் சில செல்வ மாவட்டங்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. உங்கள் மாவட்டம் எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வரவு செலவு பற்றிய எல்லாப் பேச்சும் அதிலிருந்துதான் கிளைக்கிறது.

செலவுப் பக்கத்தில், பல மாவட்டங்களில் 80 சதவீதத்துக்கு மேல் ஊதியமும் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியப் பங்களிப்பும்தான். ஆகவே மாணவர் எண்ணிக்கை குறையும்போது, வகுப்பறையைத் தொடாமல் சிக்கனம் செய்வேன் என்று எளிதாக வாக்குறுதி தர முடியாது. ஆண்டின் ஓட்டம் இப்படி இருக்கும்: டிசம்பர் 15-க்குள் முதல் இடைக்கால நிதி அறிக்கை, ஜனவரியில் ஆளுநரின் வரவு செலவு முன்மொழிவு, மார்ச் நடுவில் இரண்டாம் இடைக்கால அறிக்கை, மார்ச் 15-க்குள் ஆசிரியர்களுக்கு முதற்கட்டப் பணிநீக்க அறிவிப்பு, மே நடுவில் ஆளுநரின் திருத்தம், ஜூலை 1-க்குள் வாரியம் வரவு செலவையும் எல்கேப் ஆவணத்தையும் நிறைவேற்ற வேண்டும். 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கவுண்டி கல்வி அலுவலகம் இவற்றைச் சரிபார்க்கிறது. இடைக்கால அறிக்கையில், இந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டுகளும் மாவட்டம் தன் கடமைகளைத் தீர்க்குமா என்பதற்கு மாவட்டமே சான்றளிக்கிறது. அந்தச் சான்று ஐயத்துக்குரியது அல்லது எதிர்மறை என்று வந்தால் அது பெரிய எச்சரிக்கை. கடந்த மூன்று ஆண்டுகளின் சான்றுகளைத் தேடிப் படியுங்கள்.

உள்ளூரில் கூடுதல் பணம் திரட்ட இரண்டு கருவிகள் இருக்கின்றன. கட்டடங்களுக்கான கடன்பத்திரத்துக்கு, 2000-ஆம் ஆண்டின் 39-ஆம் முன்மொழிவுப்படி 55 சதவீத வாக்கு போதும். அந்தப் பணத்தை ஊதியத்துக்குப் பயன்படுத்த முடியாது. மனை ஒன்றுக்கு இவ்வளவு என்று விதிக்கும் பார்சல் வரியை வாரியம் முன்வைத்தால் அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். புதிய விளையாட்டரங்கம் கட்டும் அதே ஆண்டில் நூலகரை நீக்குகிறார்களே என்று வாசலில் ஒருவர் கோபமாகக் கேட்டால், இந்த வேறுபாட்டைப் பொறுமையாக விளக்க உங்களால் முடியவேண்டும்.

நம் பெற்றோர்கள் பெரும்பாலும் எழுப்பும் கேள்வி கணிதம் பற்றியது. ஒன்பதாம் வகுப்பில் மாணவரை எந்தக் கணித வகுப்பில் சேர்ப்பது என்பதற்கு நியாயமான, வெளிப்படையான கொள்கை ஒன்றை ஒவ்வொரு வாரியமும் வைத்திருக்கவேண்டும் என்று 2015-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உங்கள் மாவட்டத்தின் கொள்கையைப் படித்துவிட்டு, அது எங்கே தடுக்கிறது என்று சுட்டிக்காட்டிப் பேசினால் அது வாரியம் செவிகொடுக்கும் பேச்சாக இருக்கும். தமிழ்ப் பள்ளியில் படித்த ஆண்டுகளுக்கு உயர்நிலைப் பள்ளியில் மொழிப்பாட மதிப்பு கிடைப்பதும், 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த இருமொழித் திறன் முத்திரையைத் தமிழுக்காகப் பெறுவதும் அப்படியே. ஆனால் இவை மட்டுமே உங்கள் பேச்சாக இருந்தால், சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளையின் தாயும், இலவச உணவை நம்பி இருக்கும் குடும்பமும் உங்களிடம் தங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

வேட்புமனு: தவறவிடக் கூடாத நாட்கள்

மனுத்தாக்கல் தேர்தலுக்கு 113 நாட்களுக்கு முன் தொடங்கி 88 நாட்களுக்கு முன் முடிகிறது. 2026-இல் அது ஜூலை 13, திங்கட்கிழமை முதல் ஆகஸ்ட் 7, வெள்ளிக்கிழமை மாலை 5 மணி வரை. இப்போது பதவியில் இருப்பவர் மறுபடி மனுச் செய்யாவிட்டால், மற்றவர்களுக்கு மட்டும் ஆகஸ்ட் 12 வரை நீட்டிப்பு உண்டு. இந்த நான்கு வாரமும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் ஊருக்குப் போயிருக்கும் கோடை விடுமுறையில்தான் வருகிறது. விமானச் சீட்டு எடுப்பதற்கு முன் நாட்காட்டியில் இந்தத் தேதிகளைக் குறித்துவிடுங்கள்.

பெரும்பாலான பள்ளி மாவட்டங்களில் மனுக் கட்டணம் இல்லை, முன்மொழிபவர்களின் கையெழுத்தும் வேண்டியதில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் போல நகரச் சாசனத்தின் கீழ் தேர்தல் நடக்கும் இடங்களில் விதிகள் வேறு. கவுண்டி வாக்காளர் பதிவாளர் அலுவலகத்தில் முன்பதிவு செய்து, படிவங்களை வாங்கி, வேட்பாளர் உறுதிமொழியில் கையெழுத்திட்டு, அங்கேயே தாக்கல் செய்யவேண்டும். கூடவே, உங்கள் முதலீடுகளையும் வருவாய் வழிகளையும் வெளியிடும் படிவம் 700-ஐயும் மனுத்தாக்கல் கெடுவுக்குள் கொடுக்கவேண்டும். கடைசி நாள் மாலை நான்கரை மணிக்குப் போனால், முகவரியில் ஒரு சிறு முரண்பாடு இருந்தாலும் திருத்த நேரம் இருக்காது. முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

போட்டியே இல்லாமல் முடியும் இடங்களும் நிறைய உண்டு. இடங்களின் எண்ணிக்கையைவிட வேட்பாளர்கள் அதிகமாக இல்லாவிட்டால் பெரும்பாலும் அந்தத் தேர்தலே வாக்குச்சீட்டில் இடம்பெறாது. மனுச் செய்தவர் அப்படியே பதவிக்கு வந்துவிடுவார். நடுவில் யாராவது விலகினால், வாரியம் 60 நாட்களுக்குள் ஒருவரைத் தற்காலிகமாக நியமிக்கவேண்டும் அல்லது தேர்தலுக்கு உத்தரவிடவேண்டும். ஓராண்டாகக் கூட்டங்களுக்கு வந்துகொண்டிருப்பவரின் விண்ணப்பம் அப்போது எளிதில் நினைவுக்கு வரும்.

பெயர், தொழில், அறிக்கை

முதலெழுத்து, தந்தை பெயர், கணவர் பெயர் என்று நம் பெயர்கள் ஒவ்வோர் ஆவணத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். வாக்குச்சீட்டில் வரவேண்டிய பெயரும் வாக்காளர் பதிவில் உள்ள பெயரும் பொருந்துகின்றனவா என்று ஆறு மாதம் முன்பே பாருங்கள். தேர்தலுக்கு முந்தைய ஓராண்டுக்குள் மாற்றிக்கொண்ட பெயர், திருமணத்தாலோ நீதிமன்ற ஆணையாலோ மாறியதாக இருந்தாலன்றி, வாக்குச்சீட்டில் வராது. முனைவர், மருத்துவர் போன்ற பட்டங்களைப் பெயருக்கு முன் போட முடியாது.

பெயருக்குக் கீழே தொழிலைக் குறிக்க மூன்று சொற்கள் அனுமதி. உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாத வாக்காளர் அந்த மூன்று சொற்களைப் பார்த்தே முடிவெடுப்பதால், இது முழு நாள் யோசிக்கத் தகுந்த விஷயம். நீங்கள் உண்மையாகச் செய்யும் முதன்மைத் தொழிலாகவே அது இருக்கவேண்டும். அதற்கு ஆதாரம் கேட்கும் படிவமும் உண்டு. ‘வரி செலுத்துபவர்’, ‘அக்கறையுள்ள குடிமகன்’ போன்ற குறிப்புகளை விதிகள் வெளிப்படையாகவே நிராகரிக்கின்றன.

வாக்காளர் கையேட்டில் அச்சாகும் வேட்பாளர் அறிக்கை 200 சொற்கள். சில வாரியங்கள் 400 வரை அனுமதிக்கின்றன. மற்ற வேட்பாளர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் எழுதக் கூடாது, கட்சி உறுப்பினர் என்றும் குறிப்பிடக் கூடாது. கொடுத்தபின் திருத்த முடியாது. திரும்பப் பெற மட்டும் முடியும். அச்சுச் செலவை மாவட்டம் ஏற்காவிட்டால் நீங்கள்தான் கட்டவேண்டும். அது வாக்காளர் எண்ணிக்கையைப் பொறுத்துச் சில நூறு டாலரில் தொடங்கிச் சில ஆயிரம்வரை போகும். சிறிய பிரச்சாரத்தில் ஒரே ஒரு செலவுதான் செய்யமுடியும் என்றால், நான் அதை இதற்கே செய்வேன். எல்லா வீட்டுக்கும் போய்ச்சேரும் தாள் இது ஒன்றுதான். அதில் ‘கல்வியின் மீது பேரார்வம்’ போன்ற எவரும் எழுதக்கூடிய வரிகளை நீக்கிவிட்டு, எந்தக் குழுவில் எத்தனை ஆண்டு இருந்தீர்கள், எந்தத் தீர்மானத்தை மாற்ற விரும்புகிறீர்கள் என்று எழுதுங்கள்.

பணம்: பொருளாளரின் பக்கம்

1974-ஆம் ஆண்டின் அரசியல் சீர்திருத்தச் சட்டமும், அதை நடைமுறைப்படுத்தும் எஃப்.பி.பி.சி. என்ற நியாயமான அரசியல் நடைமுறைகள் ஆணையமும் சிறு வேட்பாளருக்கும் பொருந்தும். ஒரு டாலர் நன்கொடை கேட்பதற்கு முன்பே, போட்டியிடும் எண்ணத்தை அறிவிக்கும் படிவம் 501 தாக்கல் ஆகியிருக்கவேண்டும். ஆண்டு முழுவதும் வரவும் செலவும் தனித்தனியே 2,000 டாலரை எட்டாது என்று எதிர்பார்த்தால் கணக்குக்குப் படிவம் 470 என்ற சுருக்கப் படிவம் ஒன்றே போதும். வேட்பாளர் அறிக்கைக்குச் சொந்தப் பணத்திலிருந்து கட்டும் தொகை இந்தக் கணக்கில் சேராது. வரவு 2,000 டாலரை எட்டிய பத்து நாட்களுக்குள் படிவம் 410 மூலம் பிரச்சாரக் குழுவைப் பதிவு செய்யவேண்டும். அதற்கு ஆண்டுக் கட்டணம் 50 டாலர். அதற்குப் பின் எல்லா வரவு செலவும் ஒரே வங்கிக் கணக்கு வழியாகத்தான் நடக்கவேண்டும். உங்கள் சொந்தப் பணமும் முதலில் அந்தக் கணக்குக்குள் போய், அங்கிருந்துதான் வெளியே வரவேண்டும்.

பிறகு படிவம் 460 என்ற விரிவான கணக்கு. 2026 தேர்தலுக்கு அது செப்டம்பர் 24-க்குள் ஒருமுறையும் அக்டோபர் 22-க்குள் ஒருமுறையும் வரவேண்டும். தேர்தலுக்கு முந்தைய 90 நாட்களில் ஒரே இடத்திலிருந்து 1,000 டாலர் அல்லது அதற்கு மேல் வந்தால், 24 மணி நேரத்துக்குள் தனிப் படிவம் ஒன்றில் அறிவிக்கவேண்டும். 100 டாலர் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது. அந்த அளவு கொடுப்பவரின் பெயர், முகவரி, தொழில், வேலை செய்யும் நிறுவனம் நான்கும் வேண்டும். 60 நாட்களுக்குள் அந்த விவரம் கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். நண்பர்களிடம் இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். நன்கொடைத் தாளிலேயே நான்கு கோடுகளை அச்சிட்டுவிட்டால் கூச்சம் போய்விடும்.

நம் சமூகத்தில் மிகவும் தெரியாமல் இருக்கும் விதி ஒன்று உண்டு. கூட்டாட்சிச் சட்டப்படி, குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் அமெரிக்காவின் எந்தத் தேர்தலுக்கும், பள்ளி வாரியம் உட்பட, நன்கொடை தரக் கூடாது. எச்-1பி, எல்-1, எச்-4 விசாவில் இருப்பவர்கள் அனைவரும் இதில் அடக்கம். என் முதல் பிரச்சாரத்தில், வீட்டு விருந்து ஒன்றில் வந்த காசோலைகளில் மூன்றை இந்தக் காரணத்தால் நான் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. கொடுத்தவர்கள் பத்தாண்டுக்கு மேலாக இங்கே வரி கட்டுபவர்கள், பிள்ளைகள் அதே பள்ளியில் படிப்பவர்கள். அவர்கள் முகம் வாடியதை மறக்க முடியவில்லை. முன்கூட்டியே சொல்லாதது என் தவறு. அவர்கள் ஊதியம் வாங்காமல் தன்னார்வலராக வாசல்களைத் தட்டலாம், தாள் கொடுக்கலாம். பணத்தை எப்படிச் செலவிடுவது போன்ற முடிவெடுக்கும் பொறுப்பில் மட்டும் அவர்கள் இருக்கக் கூடாது.

தமிழ்ச் சங்கம், கோயில், வார இறுதித் தமிழ்ப் பள்ளி, பெற்றோர் ஆசிரியர் சங்கம் போன்றவை வரிவிலக்கு பெற்ற அறநிறுவனங்களாக இருந்தால், எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. பொங்கல் விழா மேடையில் உங்களை ஏற்றி ‘நம் வேட்பாளர்’ என்று அறிவிப்பதும், சங்கத்தின் மின்னஞ்சல் பட்டியலில் உங்கள் துண்டறிக்கையை அனுப்புவதும் அந்த அமைப்பின் வரிவிலக்குக்கே ஆபத்து. எல்லா வேட்பாளரையும் சமமாக அழைத்து ஒரு கேள்வி பதில் நிகழ்ச்சி நடத்துவதற்குத் தடை இல்லை. அதேபோல், பள்ளி மாவட்டத்தின் மின்னஞ்சல், அச்சுப்பொறி, ஊழியர் நேரம் எதையும் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்த மாநிலக் கல்விச் சட்டம் தடை விதிக்கிறது. இருநூறுக்கு மேற்பட்ட ஒரே மாதிரியான அஞ்சல்களை அனுப்பினால், அனுப்பும் குழுவின் பெயரும் முகவரியும் உறையின் மேலேயே இருக்கவேண்டும்.

வாசல் வாசலாக

அரசியல் பயன்பாட்டுக்காக வாக்காளர் பட்டியலைக் கவுண்டி அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி வாங்கலாம். யாருக்கு வாக்களித்தார்கள் என்பது அதில் இருக்காது. எந்தெந்தத் தேர்தலில் வாக்களித்தார்கள் என்பது இருக்கும். கடந்த நான்கு தேர்தலில் மூன்றிலாவது வாக்களித்தவர்களின் வீடுகளை முதலில் குறித்துக்கொண்டு, செப்டம்பர் மாதத்து மாலைகளில் ஐந்தரை மணிக்குமேல் நடக்கத் தொடங்குங்கள். வேட்பாளரே நேரில் வருவது இந்தத் தேர்தலில் அரிது. அதனாலேயே வீட்டுக்காரர் நினைவில் வைத்துக்கொள்கிறார். ஒரு மாலைக்கு நாற்பது வாசல் என்றால் அதில் பதினைந்து திறக்கும் என்பது என் அனுபவம்.

தமிழ்க் குடும்பங்களின் வாக்கை மட்டும் கூட்டிப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். வாக்குரிமை உள்ளவர்களின் எண்ணிக்கை, விழாவுக்கு வரும் கூட்டத்தைவிட எப்போதும் மிகக் குறைவு. நாங்கள் தோற்ற தேர்தலில் அந்தத் தவறுதான் செய்தோம்: பழக்கமான தெருக்களையே மறுபடி மறுபடி நடந்தோம், பிள்ளைகள் வளர்ந்து போய்விட்ட முதியவர்கள் வாழும் பகுதிக்குப் போகவே இல்லை. அவர்கள்தான் தவறாமல் வாக்களிக்கிறார்கள்; தங்கள் வீட்டு வரிச் சீட்டில் பள்ளிக் கடன்பத்திரத்துக்குப் போகும் தொகையை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறார்கள். ஸ்பானிய, சீன, வியட்நாமிய, பஞ்சாபி மொழி பேசும் அண்டை வீட்டாரிடம் போகும்போது அவர்கள் மொழியில் ஒரு பக்கத் தாளும், கூடவே அம்மொழி பேசும் ஒரு பெற்றோரும் இருந்தால் நன்று.

ஆதரவுகளைப் பொறுத்தவரை, ஆசிரியர் சங்கத்தின் நேர்காணல் பெரும்பாலும் கோடையின் இறுதியில் நடந்துவிடும். எழுத்து வடிவில் கேள்விகள் வரும். வாக்குறுதி கொடுப்பதற்கு முன் மாவட்டத்தின் நிதிநிலையை எண்ணிப் பார்த்து, தர முடியாததைத் தர முடியாது என்று எழுதுங்கள். ஆதரவு கிடைக்காவிட்டாலும் வென்றபின் அதே சங்கத்தோடுதான் ஒப்பந்தம் பேசவேண்டியிருக்கும். முன்னாள் வாரிய உறுப்பினர்களின் ஆதரவு எளிதில் கிடைக்கும், பயனும் உண்டு.

வாக்களிப்பும் அதன்பின்பும்

பதிவு செய்த எல்லா வாக்காளருக்கும் அஞ்சல் வாக்குச்சீட்டு போகிறது. 2026-இல் அக்டோபர் 5-க்குள் அவை அனுப்பப்படும். அன்றிலிருந்தே வாக்களிப்பு தொடங்கிவிடுவதால், நவம்பர் முதல் வாரத்துக்கென்று எதையும் ஒதுக்கி வைக்காதீர்கள். துண்டறிக்கைகள் அக்டோபர் முதல் வாரத்தில் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். வாக்காளர் பதிவுக்கான வழக்கமான கடைசி நாள் அக்டோபர் 19. அண்மையில் குடியுரிமை பெற்றவர்களிடம் இதை நினைவூட்டுங்கள். தேர்தல் நாளன்று அஞ்சல் முத்திரை பெற்ற சீட்டுகள் அடுத்த ஏழு நாள் வரை வந்து சேர்ந்தாலும் எண்ணப்படும் என்பதால், முதல் இரவில் தெரியும் வித்தியாசம் பின்னர் மாறுவது வழக்கம். அன்றிரவே வெற்றியையோ தோல்வியையோ அறிவிக்க அவசரப்பட வேண்டாம்.

வென்றவர் பதவியேற்பதற்கு முன்பே பிரவுன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் ஆகிவிடுகிறார். ஐந்து பேர் வாரியத்தில் மூவர் வாட்ஸாப்பில் ஒரு தீர்மானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டாலும் அது சட்டமீறல். மாவட்ட விவகாரம் பற்றி இன்னோர் உறுப்பினர் சமூக ஊடகத்தில் எழுதியதற்கு விருப்பக் குறி இடுவதைக்கூட 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் தடுக்கிறது. பிரச்சாரத்துக்காகத் தொடங்கிய குழுக்களில் வேறு உறுப்பினர்கள் இருந்தால் அவற்றைவிட்டு அன்றே வெளியேறுங்கள். உங்கள் நிறுவனமோ, வாழ்க்கைத் துணையின் நிறுவனமோ மாவட்டத்தோடு ஒப்பந்தம் வைத்திருந்தால், மாவட்ட வழக்கறிஞரிடம் எழுத்தில் கருத்துக் கேளுங்கள்.

பதவிக்காலம் டிசம்பர் மாத இரண்டாம் வெள்ளிக்கிழமை, அதாவது 2026-இல் டிசம்பர் 11 அன்று தொடங்குகிறது. முதல் இடைக்கால நிதி அறிக்கைக்கான கெடு அதற்கு நான்கு நாள் கழித்து வருகிறது. ஆகவே உறுதிமொழி எடுத்து, குடும்பத்தோடு படம் எடுத்துக்கொண்ட அதே மாலையில், மூன்று ஆண்டுக்கான நிதிக் கணிப்பின்மீது கையுயர்த்தவோ மறுக்கவோ வேண்டியிருக்கலாம். அந்தக் கோப்பு 72 மணி நேரத்துக்கு முன்பு வெளியாகும். நவம்பரிலேயே நிதி அலுவலரிடம் நேரம் கேட்டு, கடந்த ஆண்டு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

தோற்றவருக்கும் வென்றவருக்கும் பொதுவான வேலை ஒன்று மிச்சமிருக்கும். ஆண்டிறுதிக் கணக்கை ஜனவரி முடிவில் தாக்கல் செய்து, கடன்களைத் தீர்த்து, குழுவைத் தொடர விரும்பாவிட்டால் படிவம் 410-ஐ மறுபடி நிரப்பி மூடவேண்டும். மூடாமல் விட்டால் 50 டாலர் கட்டணமும் அரையாண்டுக் கணக்கும் ஆண்டுதோறும் தொடர்ந்துகொண்டே இருக்கும். ரசீதுகளையும் நன்கொடையாளர் தாள்களையும் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு பெட்டியில் போட்டு வைத்திருங்கள்.